‘கிவ் அப்’ என்னும் ஆங்கில வினைத்தொடர்

ஆங்கிலம் பயிலும் நம்மனோரைப் பெரிதும் மயக்குவன நெடுஞ்சொற்கள் அல்ல. சிறியதொரு வினை ஓர் இடைச்சொல்லோடு கூடி வேறு பொருள் பயக்கும் தொடர்களேயாம். அவற்றுள் ‘கிவ் அப்’ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

‘கிவ்’ என்பது கொடுத்தல். ‘அப்’ என்பது மேல். இரண்டையும் கூட்டி ‘மேலே கொடுத்தல்’ எனின் நகைப்பிற்கிடமாகும். ஈண்டு ‘அப்’ திசையை உணர்த்தாது, ‘முழுதும்’ என்னும் பொருள்பட நின்றது. ‘ஈட் அப்’ என்பது எஞ்சாது உண்டுவிடுதலையும், ‘யூஸ் அப்’ என்பது தீரப் பயன்படுத்திவிடுதலையும் குறித்தல் காண்க. ஆகவே, முழுதும் கொடுத்துவிடுதலே இத்தொடரின் அடிப்பொருள் எனலாம். நம் மொழியிலும் ‘விட்டுக்கொடுத்தல்’, ‘ஒப்புக்கொடுத்தல்’ என்பவற்றுள் ‘கொடு’ என்னும் வினை அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

இனி இதன் ஆட்சியைக் காண்பாம். முதியவர்க்கு ஒருவன் தன் இருக்கையை அளித்தலும் ‘கிவ் அப்’, அது விட்டுக்கொடுத்தல். 1942 பிப்ரவரி 15-இல் ஜெனரல் பெர்சிவல் சிங்கப்பூரை ஜப்பானியர் கையில் விட்டதும் ‘கிவ் அப்’, அது ஒப்புக்கொடுத்தல். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் அரியணையை நீத்ததும் ‘கிவ் அப்’, அது துறத்தல். செயப்படுபொருளின்றி வரின், முயற்சியைக் கைவிடுதலாம்.

இலக்கணத்தில் இரண்டு கருதற்பாலன. செயப்படுபொருள் பெயராயின் ‘அப்’ என்பதற்கு முன்னும் பின்னும் வரும். ‘இட்’ போன்ற பிரதிப்பெயராயின் முன்னரே வரும். ‘கிவ் இட் அப்’ என்பது வழக்கு. ‘கிவ் அப் இட்’ என்பது வழு. மற்றொரு வினை தொடரின், அது ‘இங்’ ஈறு பெறும். புகைபிடித்தலை விட்டான் என்பதற்குக் ‘கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்க. ‘டு ஸ்மோக்’ என்னற்க.

மொழிபெயர்ப்பிலேதான் உண்மையான இடர் தோன்றுகின்றது. 1909 ஜனவரி 9-இல் ஷாக்கில்டன் என்பார் மூன்று தோழருடன் தென்துருவத்திற்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவு வரை சென்று, உணவு குறைந்தமையால் திரும்பினார். நால்வரும் உயிருடன் மீண்டனர். அவர் துருவத்தைக் ‘கேவ் அப்’ செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். தமிழிலோ ‘தோற்றார்’ எனின் ஒரு மனிதர் தோன்றுவார். ‘விட்டுக்கொடுத்தார்’ எனின் வேறொரு மனிதர் தோன்றுவார். எது தகும் என்பதனை அகராதி கூறாது. எதனை, எதன்பொருட்டு விட்டார் என்பதே கூறும். தோழர் உயிரின்பொருட்டுத் தம் புகழை விட்டமையின், ‘விட்டுக்கொடுத்தார்’ என்பதே தகுதி என்பது நம் துணிபு.

ஆதலின், நண்பர்காள், இத்தகைய தொடர்களுக்கு ஒரு சொல்லை மட்டும் நெட்டுருச் செய்யாது, இடம் நோக்கிப் பொருள் கொள்வோமாக. பிறர் செயலை ஒரு சொல்லால் தவறாகத் தீர்ப்பிடும் பிழையினின்றும் அது நம்மைக் காக்கும்.