முதிய நாயும் வலிப்பு நோயும்

வீட்டைக் காத்த நாய் முதுமை எய்தியபின் அதனைக் காக்குங் கடன் வீட்டாரைச் சார்ந்தது. வேளைக்கு உணவும், படுக்க ஓரிடமும், அன்பான ஒரு சொல்லும் இருப்பின் இக்கடன் பெரும்பாலும் நிறைவேறும். ஆயின், அம்முதிய பிராணிக்கு வலிப்புக் காணுமிடத்து வீட்டார் திகைக்கின்றனர். விசர் பிடித்துவிட்டதென்று அஞ்சிக் கட்டிவைப்பாரும், தொலைவிற் கொண்டுபோய் விடுவாரும், உடனே கொன்றுவிடத் துணிவாரும் உளர். பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, முதிய தாய் தந்தையரும் முதிய நாயுமே எஞ்சியிருக்கும் இல்லங்கள் யாழ்ப்பாணத்தில் இன்று பல. அத்தகைய இல்லங்களை நினைந்தே இவ்விழா மலரில் இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டோம்.

நோயின் இயல்பு

மூளை எண்ணற்ற நரம்புக் கலங்களால் ஆயது. அவை மெல்லிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்புகொள்வன. தூண்டுவனவும் அடக்குவனவும் தம்முட் சமனாக நிற்குங்கால் உடல் ஒழுங்காக இயங்கும். அச்சமன் குலைந்து, பல கலங்கள் ஒரே காலத்திற் கட்டுக்கடங்காது துடிக்குமாயின் அதுவே வலிப்பாகும். 1870 இல் பிரிற்சு, ஹிற்சிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் நாயின் மூளைப் புறணியில் மின்னைச் செலுத்தியபோது எதிர்ப்பக்கத்து அங்கங்கள் அசைந்தமையைக் கண்டனர். அங்க அசைவுகளை மூளைப் புறணி ஆளுகின்றது என்பதை நிலைநாட்டிய பரிசோதனைகளுள் அது தலையாயது. ஆகவே இத்துறை அறிவில் மனிதர் நாய்க்குலத்துக்குக் கடன்பட்டவராவர்.

நம் முன்னோர் இந்நோயை முயலகன் என்றும் வழங்கினர். கூத்தப்பெருமானின் திருவடியின்கீழ்க் கிடப்பவனுக்கும் அதுவே பெயர். கொல்லிமழவன் என்னும் அரசனின் மகளுக்கு இந்நோய் வர, மருத்துவம் பலவும் பயன்படாதொழியவே, அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலிற் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி நோயைத் தீர்த்தருளினார் என்றும் பெரியபுராணம் கூறும். நோயுற்ற மகளை அவ்வரசன் மறைத்துவைக்கவுமில்லை, கைவிடவுமில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முதுமையில் வருவதன் காரணம்

காரணம் வெளிப்படாத பிறவி வலிப்பு நாய்களுக்குப் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையிலே தொடங்குவது. அவ்வயதைக் கடந்த நாய்க்கு முதன்முறையாக வலிப்பு வருமாயின் வேறொரு காரணம் மறைந்திருக்கின்றதா என ஆராய்தல் வேண்டும். மூளையிற் கட்டி, மூளைக் குருதிக்குழாய் அடைப்பு, அழற்சி என்பன ஒரு வகை. குருதியிற் சீனி குறைதல், ஈரல் பழுதுறல், சிறுநீரகந் தளர்தல் என்பன மற்றொரு வகை. தோட்டத்துக்குத் தெளித்த பூச்சிகொல்லியை நக்குவதாலும் வலிப்பு உண்டாகும். எனவே குருதிச் சோதனையே முதற்படியாம்.

வலிப்புப்போலத் தோன்றும் வேறு இரண்டு நோய்களும் முதிய நாய்களிடத்துக் காணப்படும். இதயந் தளர்ந்த நாய் திடீரெனத் துவண்டு விழும். சில கணத்துள் எழுந்து முன்போல நடக்கும். இது மயக்கம். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்புப் பிழைத்த நாய் தலையை ஒருபுறஞ் சாய்த்து, கண்மணிகள் பக்கவாட்டில் ஓடத் தள்ளாடும். ஆயின் அதற்கு அறிவு தெளிவாக இருக்கும். பெரும்பாலும் சில நாளிலோ இரண்டொரு கிழமையிலோ இது தேறிவிடும். வலிப்பிலோ உடல் விறைத்து, கால்கள் உதறி, வாயில் நுரை தள்ளி, சிறுநீர் கழியும், அறிவு இராது. தெளிந்த பின்னரும் சிறிது நேரம் கண் தெரியாததுபோல முட்டி மோதி அலையும்.

விசர்நோயிலும் வலிப்பு வருதல் உண்மையே. தடுப்பூசி ஏற்றப்படாத நாய், அண்மையிற் பிறநாயாற் கடியுண்டு, குணம் மாறி, விழுங்கமாட்டாது எச்சில் ஒழுக்குமாயின் அதனைத் தொடாது உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அதன் பற்பட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடுநீரில் 15 நிமிடங் கழுவித் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லக் கடவர். ஆண்டுதோறுந் தவறாது தடுப்பூசி ஏற்றிய நாயின் வலிப்பை இவ்வச்சமின்றி அணுகலாம். கிழட்டு நாயென்று தடுப்பூசியை நிறுத்துதல் தகாது என்பதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டா.

வலிப்பு நிகழுங்கால்

முதற்கண் மணிக்கூட்டைப் பார்த்தல் வேண்டும். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். கதிரை, மேசை முதலியவற்றை விலக்கி, தலையின்கீழ் ஒரு துணியை மடித்து வைத்து, விளக்கையும் இரைச்சலையுங் குறைத்துவிட்டு விலகியிருத்தல் நன்று. வாய்க்குட் கையையோ கரண்டியையோ இடலாகாது. நாய் தன் நாக்கை விழுங்குவதில்லை. ஆனால் அறிவின்றியே கையைக் கடித்துவிடும். தண்ணீரும் பருக்கலாகாது, அது சுவாசப்பைக்குட் புகும்.

இரும்புத் திறப்பை அருகில் வைத்தால் வலிப்பு நிற்குமென்பது நம்மிடையே நெடுங்கால வழக்கு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்குவன. திறப்பைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரஞ் செல்லும். இரும்பு நிறுத்தியதுபோலத் தோன்றுவது இதனாலேயாம்.

ஐந்து நிமிடத்தின் மேலும் வலிப்புத் தொடர்ந்தாலோ, 24 மணித்தியாலத்துள் இரண்டோ அதன் மேலோ வந்தாலோ, இடையில் அறிவு தெளியாது மீண்டும் வந்தாலோ அது உயிருக்கு ஆபத்து. நீண்ட வலிப்பில் உடல் வெப்பம் ஏறும். அது மூளையைத் தாக்கும். ஆகவே உடலைச் சாதாரண நீரால் நனைத்து விசிறியபடியே வைத்தியரிடங் கொண்டுசெல்லல் வேண்டும்.

மருந்தும் ஒழுங்கும்

1912 இல் ஹௌப்ட்மன் என்னும் இளம் வைத்தியர் ஜெர்மனியில் வலிப்பு நோயாளர் விடுதிக்கு மேல்மாடியில் வசித்தார். இரவில் உறக்கம் வருதற்பொருட்டு அவர்க்குக் கொடுத்த பீனோபாபிற்றோன் என்னும் மருந்து வலிப்பையே குறைத்தமை கண்டு வெளியிட்டார். அம்மருந்தே இன்றும் நாய்களுக்கு முதன்மையானது. 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுவது. குருதியில் அதன் அளவு நிலைபெற ஏறக்குறைய இரு கிழமை வேண்டும். தொடக்கத்தில் நாய் மிகப் பசித்து, மிகக் குடித்து, தள்ளாடி உறங்கும். இவற்றிற் பல நாளடைவிற் குறையும். மற்றொரு மருந்தாகிய பொற்றாசியம் புரோமைட்டு நிலைபெற ஏறக்குறைய மூன்று மாதமாகும். முன்னையது பெரும்பாலும் ஈரலால் மாற்றப்பட்டுக் கழிவது. பின்னையது சிறுநீரகத்தாற் கழிவது. முதிய நாயின் எவ்வுறுப்புத் தளர்ந்துள்ளது என்று அறிந்தே வைத்தியர் மருந்தைத் தெரிவார்.

மருந்தைத் திடீரென நிறுத்துதல் மிகத் தீது. நாய் நலமடைந்துவிட்டதென்று எண்ணி நிறுத்திய வீட்டிலே வலிப்பு முன்னிலும் கடுமையாக வரக் காணலாம். புரோமைட்டு உண்ணும் நாய்க்கு உப்பும் ஒரே அளவினதாதல் வேண்டும். இன்று கருவாட்டுச் சோறு, நாளை உப்பில்லாச் சோறு என்று மாற்றினால், உப்பு மிக்க நாளில் மருந்து விரைந்து கழிந்துவிடும். மனிதர் உண்ணும் பனடோலைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. அது நாய்க்கு நஞ்சாதலும் உண்டு.

2015 இல் இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 21 நாய்களைக்கொண்டு நடத்திய ஆய்வில், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புச் சேர்ந்த உணவு மருந்தோடு கூடி வலிப்பைக் குறைத்தது. இதுகொண்டு தேங்காயெண்ணெயை அள்ளி ஊற்றலாகாது. தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி அவ்வாய்விற் பயன்பட்ட கொழுப்பன்று. மிகுந்த கொழுப்பு முதிய நாயின் சதையியை அழற்சியுறச் செய்யும்.

கொப்பியொன்றில் வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த அளவு, முன்னும் பின்னும் கண்டவை ஆகியவற்றை எழுதிவைத்தல் பெருந்துணையாம். கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக் காட்டின் வைத்தியர் வலிப்பையும் மயக்கத்தையும் எளிதில் வேறுபடுத்துவர். வளவிலே கட்டில்லாத கிணறோ துரவோ இருப்பின் வேலியடைத்தல் வேண்டும். வழுக்குஞ் சீமெந்து நிலத்திற் சாக்கொன்றை விரித்தாலே தள்ளாடும் கால்களுக்குப் பிடிப்புண்டாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புவதோடமையாது, காலையும் மாலையும் மருந்து வேளையைப் பெற்றோர்க்கு நினைவூட்டுவாராயின் அதுவும் பெரும்பணியே.

எதுவரை?

எல்லா நாய்களும் முற்றாகக் குணமடையும் என்று யாம் கூறமாட்டோம். மருந்து கொண்டும் மூன்றில் ஒரு பங்கு வரையான நாய்களுக்கு வலிப்பு நன்கு அடங்குவதில்லை. வலிப்புகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையினும் நாயின் வாழ்வு பெரிதும் இலகுவாகும். வலிப்பு அடுத்தடுத்து வந்து, இடைநாட்களிலும் உணவை வெறுத்து, வீட்டாரையும் அறியாது, எழமாட்டாது கிடக்கும் நிலை வருமாயின், வைத்தியர் கையால் நோவின்றி உயிர் பிரியவிடுவதா என்று வீட்டார் கூடி ஆலோசித்தல் பழியாகாது. ஆயின் அது நாயின் துன்பத்தை அளந்து செய்யும் முடிவாதல் வேண்டும். நமது தொல்லையை அளந்து செய்வதாகலாகாது. மேற்கூறிய கொப்பி அவ்வேளையிலும் உண்மையைச் சொல்லும்.

பாரத வீரர் இறுதி யாத்திரை போனபோது தருமபுத்திரரை ஒரு நாய் தொடர்ந்தது. தம்மை அடைந்த அதனை விட்டுத் தேரேற அவர் மறுத்தார். சுவர்க்கம் வேண்டுமா, நாய் வேண்டுமா என்ற வினா நம்மிடம் எழுவதில்லை. காலை ஆறு மணிக்கு ஒரு குளிசை, மாலை ஆறு மணிக்கு ஒரு குளிசை என்பதே நம்மிடம் கேட்கப்படுவது. அதனைத் தவறாது கொடுக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவன் ஏற்பானாக.