குத்தகை நெல்: டெல்டாவில் உலவும் தப்புக் கணக்குகள்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் டீக்கடைப் பேச்சு கொள்முதல் நிலையத்து ஈரப்பதத்தில் ஆரம்பித்துக் குத்தகை நெல்லில் வந்து நிற்கும். அங்கே காதில் விழும் சில நம்பிக்கைகள், அவற்றை நம்புகிற சாகுபடிதாரரின் நிலத்துக்கே உலை வைப்பவை.

“குத்தகைதாரரை யாரும் அசைக்க முடியாது, சட்டம் இருக்கிறது” என்பது அவற்றில் முதலாவது. சட்டம் இருப்பது உண்மைதான். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாய இயக்கத்தின் நெருக்கடியில், 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நினைத்த மாத்திரத்தில் ஆளை மாற்றும் மிராசுதாரின் அதிகாரத்தில் அதுதான் முதலில் கைவைத்தது. 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காப்பை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ஆனால் அதே சட்டம் ஒரு கெடுவும் வைத்திருக்கிறது. குத்தகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாதவர் மீது வெளியேற்ற மனு போடலாம். வருவாய் நீதிமன்றம் இரு தரப்பு நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட அவகாசம் தரலாம். அந்த அவகாசத்தையும் தவறவிட்டால் வெளியேற்ற உத்தரவுதான். இத்தனை பேர் போராடி வாங்கிய உரிமை, கட்டாமல் விட்ட சில மூட்டை நெல்லுக்காகப் போவது வேதனை.

“நிலக்காரர் நெல்லை வாங்க மாட்டேன் என்றார், அப்புறம் நான் என்ன செய்ய?” இதுவும் அடிக்கடி கேட்பது. வேண்டுமென்றே வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்று வழக்குப் போட்ட கதைகள் டெல்டாவுக்குப் புதிதல்ல. சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. குத்தகையை நீதிமன்றத்திலேயே கட்டிவிடலாம். நெல்லாகத் தரவேண்டியதை, கட்டுகிற நாளின் சந்தை விலைப்படி பணமாகக் கட்டலாம். கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் முதலில் முடிக்கவேண்டிய வேலை இது. களத்து மேட்டில் காரியஸ்தர் நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டு போனால், வழக்கு என்று வரும்போது சாகுபடிதாரர் கையில் ஒன்றும் இருக்காது. ரசீது வேண்டும்.

எவ்வளவு கட்டுவது? பேசினதுதான் குத்தகை என்று பலரும் நினைக்கிறார்கள். 1956-ன் நியாயவாரச் சட்டம் நன்செய்க்கு 40 சதவீதம் என்று தொடங்கியது. பின்னால் வந்த திருத்தம் அதை 25 சதவீதமாகக் குறைத்தது. ஏக்கருக்கு வழக்கமாக 32 மூட்டை காண்கிற வயல் என்றால் நியாயவாரம் 8 மூட்டை. அதற்கு மேல் கேட்டால் முறையிட இடம் இருக்கிறது. கட்டாமல் இருப்பது முறையீடு ஆகாது.

எழுத்தில் இல்லாத குத்தகைக்கு மதிப்பில்லை என்பதும் தவறு. உடலுழைப்போடு பயிர் செய்பவரின் வாய்மொழிக் குத்தகையையும் சட்டம் ஏற்கிறது. 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் பெயரைப் பதியலாம். அந்த மனுவுக்கு வருடா வருடம் கட்டிய ரசீதுகளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கோயில், மடத்து நிலம் என்றால் கேட்க ஆளில்லை என்ற நினைப்பும் உண்டு. அறநிலையத் துறைக் கோயில்களுக்கு மாநிலம் முழுக்க 4 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம். 1961-ன் பொது அறக்கட்டளைச் சட்டம் அந்தக் குத்தகைதாரரையும் காக்கிறது, பாக்கி வைத்தால் வெளியேற்றவும் வழி செய்கிறது. விளக்கெரிவதும் நைவேத்தியம் நடப்பதும் அந்த நெல்லில்தான் என்பதைத் திருவாரூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக, “எப்படியும் அரசு தள்ளுபடி செய்யும்” என்ற எதிர்பார்ப்பு. 1972-ல் பாக்கி நிவாரணச் சட்டம் வந்தது நிஜம். 1971 ஜூன் 30 வரை நின்ற பாக்கியை அது தீர்த்துவைத்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. அதற்கடுத்த பசலி ஆண்டின் குத்தகையைக் கட்டியவர்களுக்கு மட்டுமே பழைய பாக்கி நீங்கியது.