இடம் இல்லை என்ற பிறகு என்ன சொல்வது?

இணையத்தில் ரசிகர்கள் கூடி நடத்தும் ஃபேன்ஸீன்களுக்கு விண்ணப்பம் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஓர் அனிமே தொடரையோ வீடியோ கேமையோ நாவல் வரிசையையோ நேசிக்கும் நாலைந்து பேர் மாடரேட்டர்களாகச் சேர்வார்கள். கூகுள் ஃபார்ம் ஒன்றைத் திறந்துவைப்பார்கள். ஓவியர்கள் மூன்று நான்கு படங்களையும், எழுதுபவர்கள் ஒன்றிரண்டு கதைப் பகுதிகளையும் மாதிரியாக அனுப்புவார்கள். தேர்வானவர்களின் படைப்புகள் பிடிஎஃப் ஆகவோ அச்சுப் புத்தகமாகவோ வரும். முழுக்க ஸ்டார் ட்ரெக்குக்கென்றே வெளிவந்த முதல் ரசிகர் இதழான ‘ஸ்பாக்கனேலியா’ 1967-இல் அமெரிக்காவில் வந்தது. அன்று முதல் இன்று வரை இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ரசிகர்கள்தான். பரீட்சைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நேரம் ஒதுக்கிச் செய்கிறார்கள். இனி சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் இந்த நேரக் கணக்கே அடிப்படை.

30 இடங்களுக்கு 300 பேர் விண்ணப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 270 பேருக்கு என்ன சொல்வது? முடிவை மட்டும் சொல்வதா, மதிப்பெண் அனுப்புவதா, ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுதுவதா, கேட்டவர்களுக்கு மட்டும் எழுதுவதா, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பொதுக்குறிப்பு போடுவதா? விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் போவது, சொல்லாமலே இருப்பதைவிட அதிகம் புண்படுத்தும்.

முடிவை மட்டும் சொல்லும் கடிதத்தை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல விண்ணப்பங்கள் இடங்களைவிடப் பல மடங்கு வந்திருக்கும்போது, பலருடைய விஷயத்தில் உண்மையான காரணம் எண்ணிக்கை ஒன்றுதான். ஒரே கதாபாத்திரத்தை நீர்வண்ண பாணியில் வரைபவர்கள் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள் என்பதற்காக ஆறாமவர் வெளியே நின்றிருப்பார். அவருடைய ஓவியத்தில் குறை தேடி எழுதுவது பொய். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை இடம் இருந்தது என்ற இரண்டு எண்களையும் கடிதத்தில் கொடுங்கள். சொன்ன தேதியில் அனுப்புங்கள். தேர்வானவர்களின் பட்டியல் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் கசிவதற்கு முன் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘உங்கள் படைப்பு எங்களை மெய்சிலிர்க்க வைத்தது’ என்று 270 பேருக்கும் ஒரே வரியை அனுப்பாதீர்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்கள், கடிதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மதிப்பெண் அனுப்புவது நேர்மையான வழிபோலத் தோன்றும். வண்ணத்துக்கு 5-க்கு 3, உடற்கூறுக்கு 2, கருப்பொருளோடு பொருத்தம் 4 என்று மாடரேட்டர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் அட்டவணை ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதையே அனுப்பிவிடலாமே என்று நினைப்பார்கள். வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண் கண்ணில் பட்ட பிறகு பக்கத்தில் உள்ள வாக்கியம் படிக்கப்படுவதில்லை என்றே எனக்குப் படுகிறது. அட்டவணை குழுவுக்குள் பயன்படட்டும், அது விண்ணப்பித்தவரின் கைக்குப் போக வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பு என்பது எல்லோரும் விரும்புவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதிரியை மறுபடி திறந்து பார்த்து, யோசித்து, நாலு வரி எழுத ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் 270 பேருக்கு 67 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 22 மணி நேரம். அதே வாரங்களில்தான் தேர்வானவர்களை வரவேற்க வேண்டும், அச்சகத்தில் விலை கேட்க வேண்டும், கால அட்டவணை போட வேண்டும். ஐம்பதாவது கடிதத்தில் சொற்கள் தேய்ந்துவிடும். நூறாவதில் எரிச்சல் வெளியே தெரியும். விண்ணப்பங்கள் மொத்தமே 40, 50 என்றால் இந்த வழியைத் தாராளமாக எடுங்கள். அதற்கு மேல் போனால் வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆவ்ராம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996-இல் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் அதைப் பெற்றவர்களின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குத் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்களுடைய விளக்கம். நிராகரிப்பு வந்த அந்த நாளில் மனம் தன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கும். கேட்காதவருக்கு அப்போது குறை சொல்லி எழுதினால் அது வேலையைப் பற்றியதாகப் போய்ச் சேராது.

ஆகவே பெரிய இதழ்களுக்கு நான் பரிந்துரைப்பது கேட்டவருக்கு மட்டும் எழுதும் வழி. ஆனால் எப்போது கேட்கச் சொல்கிறோம் என்பதில் பலர் தவறுகிறார்கள். ‘கருத்து வேண்டுமானால் பதில் எழுதுங்கள்’ என்று நிராகரிப்புக் கடிதத்தின் கடைசியில் போட்டால், தைரியசாலிகளும் ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களும்தான் எழுதுவார்கள். கூச்சப்படுபவர், ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர், முதல்முறை விண்ணப்பித்தவர் ஆகியோர் ஒதுங்கிவிடுவார்கள். அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் அவர்களே. கேள்வியை விண்ணப்பப் படிவத்திலேயே வையுங்கள். வெறும் டிக் பெட்டியாக வைத்தால் எல்லோரும் தட்டிவிட்டுப் போவார்கள். ‘உங்கள் மாதிரியில் எதைப் பற்றிக் கருத்து வேண்டும்? ஒரு வரியில் எழுதுங்கள்’ என்று கேளுங்கள். எழுத மனம் வந்தவர்கள் எழுதுவார்கள், உங்களுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ரெபேக்கா பிளாக் என்ற ஆய்வாளர், ஷாங்காயிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். ‘நானாகோ’ என்பது ஆய்வுக்காக வைத்த பெயர். அந்தப் பெண் ‘கார்ட்காப்டர் சகுரா’ கதாபாத்திரங்களை வைத்து ஆங்கிலத்தில் ரசிகர் கதைகள் எழுதினார். ஆங்கிலம் தனக்குப் புதிய மொழி என்பதை முன்குறிப்பில் அவரே சொல்லிவிடுவார். வாசகர்கள் பாராட்டோடு சேர்த்துப் பிழைகளை மென்மையாகச் சுட்டினார்கள், அவரும் தொடர்ந்து எழுதினார். எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று சொல்ல எழுதுபவருக்கு வாய்ப்பு இருந்தால், உதவுபவரின் குரலும் தானாகவே தணிந்துவிடுகிறது.

இதோடு ஒரு பொதுக்குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவழிக்கும் நேரத்துக்கு இதைவிடப் பலன் தரும் வேலை கிடையாது. எல்லா விண்ணப்பங்களையும் பார்த்த பிறகு மாடரேட்டர்களுக்கு மட்டுமே தெரியும் விஷயங்கள் சில உண்டு. மூன்று மாதிரியிலும் ஒரே முகத்தின் நெருக்கக் காட்சியை அனுப்பியவர்கள் பலர், பின்னணி வரையத் தெரியுமா என்பதைத் தேர்வுக் குழு ஊகிக்கத்தான் முடிந்தது. கதை மாதிரிகள் பல நடுவில் தொடங்கின, ஒரு வரி முன்கதை இருந்திருந்தால் புரிந்திருக்கும். அச்சுக்கு 300 டிபிஐ வேண்டும், விளிம்பில் வெட்டுவதற்கு 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். இப்படி ஒரு பக்கம் எழுதி 300 பேருக்கும் அனுப்பலாம். யாருடைய படத்தையும் எடுத்துக்காட்டாகப் போடாதீர்கள், அடையாளம் தெரியும்படி வருணிக்கவும் வேண்டாம். டிஸ்கார்டில் எல்லோர் முன்னிலும் ஒருவருடைய மாதிரியை அலசுவது, அவரே விரும்பிக் கேட்டாலும், நிராகரிப்புக்கு அடுத்த வாரத்தில் கூடாது.

விண்ணப்ப நாள் முடிவதற்கு முன்பே மாதிரிகளைப் பார்த்துச் சொல்லும் வழியும் உண்டு. ரசிகர் கதை உலகில் வெளியிடுமுன் பிரதியைப் படித்துத் திருத்துபவரை ‘பீட்டா’ என்பார்கள். அதே பழக்கம்தான் இது. சிசிலியா அராகனும் கேட்டி டேவிஸும் 2019-இல் வெளியிட்ட நூலில், ரசிகர் கதைத் தளங்களில் பலர் சொல்லும் சின்னச் சின்னக் கருத்துகள் சேர்ந்து ஓர் ஆசிரியரின் வேலையைச் செய்வதை விரிவாகக் காட்டுகிறார்கள். இந்த வழியை எடுத்தால், உதவி செய்தவர் அந்த விண்ணப்பத்துக்குத் தேர்வாளராக இருக்கக் கூடாது.

எழுதத் தொடங்கியதும் கவனிக்க வேண்டியது, இடம் கிடைக்காத காரணத்தையும் படைப்பைப் பற்றிய கருத்தையும் ஒன்றாகக் குழைக்காமல் இருப்பது. ‘உரையாடல் இயல்பாக இல்லாததால் தேர்வாகவில்லை’ என்று எழுதினால், உரையாடலைத் திருத்திக்கொண்டு வந்தால் அடுத்த முறை இடம் உண்டு என்று அவர் எடுத்துக்கொள்வார். அந்த வாக்கு உங்களிடம் இல்லை. காரணம் தனிப் பத்தியாக இருக்கட்டும். கருத்து மாதிரியின் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டட்டும்: ‘இரண்டாவது மாதிரியில் அக்காவும் தங்கையும் சண்டை போடும்போது இருவரும் முழு வாக்கியங்களில் பேசுகிறார்கள். கோபம் ஏறும் இடத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டினால் காட்சி வேகம் பிடிக்கும்.’ ஓவியருக்கு: ‘முகத்தில் ஒளி இடப்பக்கம், ஆடை மடிப்பில் வலப்பக்கம். ஓரிடத்தை முடிவு செய்துகொண்டால் உருவம் தரையில் நிற்கும்.’ நன்றாக வந்த ஓர் இடத்தையும் இதே துல்லியத்தோடு சொல்லுங்கள். ‘இன்னும் பயிற்சி செய்யுங்கள்’ என்பதால் யாருக்கும் பயனில்லை. எந்த இரு கதாபாத்திரங்களை ஜோடி சேர்த்தார் என்பது அவருடைய ரசனை, அதில் தலையிடாதீர்கள். இலக்கணப் பிழைகளை, பொருள் புரியாமல் போன இடத்தில் தவிர, கேட்டால் மட்டும் தொடுங்கள்.

மறுத்து வாதாடி எழுதுபவர்களும் வருவார்கள். ஒரு முறை மரியாதையாக விளக்கலாம், இரண்டாவது கடிதத்துக்குப் பதில் தேவையில்லை. விண்ணப்பித்தவர் மாடரேட்டர் ஒருவரின் நெருங்கிய தோழி என்றால் குறிப்பை வேறொருவர் எழுத வேண்டும். நடத்தை பற்றிய புகார் காரணமாக ஒருவரை விலக்கியிருந்தால், அதை மறைக்கப் படைப்பில் குறை கண்டுபிடித்து எழுதாதீர்கள். முடிவை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

சில விண்ணப்பங்களில் கருத்து கேட்டிருப்பார்கள், எவ்வளவு தேடினாலும் சொல்ல எதுவும் இருக்காது. அப்போது ஏதாவது எழுத வேண்டுமே என்று குறை உண்டாக்காதீர்கள். ‘நீங்கள் கேட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மாற்றச் சொல்ல எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. இந்த முறை இடம்தான் போதவில்லை’ என்று உள்ளதை உள்ளபடி அனுப்பிவிடுங்கள்.