வீட்டுத் தோட்டப் பாடம்: தின்றது யார் என்று முதலில் பார்ப்போம்



கொல்லையில் நாலு கத்தரி, நாலு தக்காளி, கொஞ்சம் வெண்டை, வேலியில் ஒரு பாகலும் ஒரு அவரையும் இருந்தால் போதும். சந்தையில் காய்க்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி நம்ம சுருக்குப் பையிலேயே தங்கும். ஆனால் குழுக்கூட்டத்தில் தோட்டப் பேச்சு எடுத்தால் அடிக்கடி வருகிற குறை இதுதான்: "நட்டதெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, நம்ம வாய்க்குத்தான் வரல. பாதி பூச்சிக்கு, மீதி கிளிக்கு." அடுத்த கேள்வி உடனே வரும்: "என்ன மருந்து அடிக்கலாம்?"

இந்தப் பாடத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் கேட்க வேண்டியது, தின்றது யார் என்பதுதான். அது தெரிந்துவிட்டால், பத்து இருபது செடி உள்ள வீட்டுத் தோட்டத்துக்குக் கடை மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

அடையாளம் பார்ப்பது எப்படி?

காலையில் தண்ணீர் ஊற்றும்போதே இலையைத் திருப்பிப் பாருங்கள்.

* கத்தரியில் நுனிக் கொழுந்து மட்டும் வாடித் தொங்கினால் தண்டுக்குள் புழு இருக்கிறது. அதே புழுதான் பிறகு காயையும் துளைக்கும்.
* கத்தரி இலை சுரண்டப்பட்டுச் சல்லடை மாதிரி ஆனால் அது கத்தரி வண்டு.
* அவரைக் கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பாகப் பேன் அப்பியிருந்தால் அது அசுவினி.
* பாகல், பீர்க்கு, புடலைப் பிஞ்சு கோணலாகி, மஞ்சளாகி, அழுகி விழுந்தால் பழ ஈ.
* வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளானால் அது பூச்சி தின்றதல்ல, தேமல் நோய். வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும்.
* தக்காளியில் வட்டமாக ஓட்டை இருந்தால் காய்ப்புழு. பழுத்த பழத்தில் ஒழுங்கில்லாமல் கொத்திய காயம் இருந்தால் பறவை. பல் பதிந்திருந்தால் அணில் அல்லது எலி.

ஒரு எச்சரிக்கை. கத்தரி வண்டும் பொறிவண்டும் பார்க்க ஒரே சாயலில் இருக்கும். கத்தரி வண்டு மங்கலான செம்பு நிறம், நிறையப் புள்ளி, இலையைச் சுரண்டும். பொறிவண்டு பளபளப்பாக இருக்கும், அசுவினி இருக்கிற இடத்தில் திரியும், அசுவினியைத் தின்னும். பொறிவண்டைக் கொன்றால் நம்ம வீட்டுக் காவலாளியையே விரட்டின கதைதான். சிலந்தி, தவளை, ஓணான் இவையும் நமக்காக வேலை செய்கிறவை.

கையாலேயே முடிகிற வேலை

வாடிய கத்தரிக் கொழுந்தைப் புழுவுக்குக் கீழே சேர்த்துக் கிள்ளுங்கள். ஓட்டை விழுந்த காயையும் பறியுங்கள். கிள்ளியதைச் செடியடியில் போட்டால் புழு தப்பிவிடும். சோப்புத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் எரித்துவிடுங்கள்.

கத்தரி வண்டின் முட்டை இலைக்கு அடியில் மஞ்சளாக, கூட்டமாக இருக்கும். அந்த இலையைக் கிள்ளி எடுத்தால் ஒரு தலைமுறையே போச்சு.

அசுவினி லேசாக இருந்தால் தண்ணீரை வேகமாகப் பீச்சியே விழச் செய்யலாம். நம்ம ஊர்ப் பாட்டிகள் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவுவாங்க. அதுவும் நல்ல பழக்கம். ஆறின, நன்றாகச் சலித்த சாம்பலாக இருக்க வேண்டும்.

பாகல், பீர்க்கில் பூ உதிர்ந்து பிஞ்சு விரல் அளவு வந்ததும் காகிதப் பை மாட்டிவிடுங்கள். பழ ஈ முட்டையிட முடியாது. அழுகி விழுந்த பிஞ்சை அங்கேயே விடக் கூடாது. உள்ளே இருக்கிற புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

தேமல் வந்த வெண்டைச் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. பாவம் பார்த்து விட்டால் பக்கத்துச் செடிக்கும் வந்துவிடும். வெள்ளை ஈக்கு, ஒரு பழைய டப்பாவில் மஞ்சள் பெயிண்ட் அடித்து, மேலே விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் கட்டுங்கள். மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

தக்காளி ஓரத்தில் துலுக்கச் சாமந்தி நடுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி பூவைத் தேடிப் போய் அங்கேயும் முட்டையிடும். பூவை அவ்வப்போது பார்த்துப் பறித்துவிட்டால் தக்காளிக்குப் பாதிப்பு குறையும்.

பறவைகளை என்ன செய்யலாம்?

எல்லாப் பறவையும் எதிரியில்லை. கரிச்சான், மைனா போன்றவை ஏராளமாகப் பூச்சி பிடிக்கும். கரிச்சான் வந்து உட்காரட்டும் என்றே விவசாயிகள் வயலில் குச்சி நட்டு வைப்பாங்க. பறவையை ஒழிப்பது நம்ம நோக்கமில்லை, பழத்தை மட்டும் காப்பாற்றினால் போதும்.

தக்காளிக்கு மிகச் சுலபமான வழி, நிறம் திரும்பினதுமே பறித்துவிடுவது. வீட்டுக்குள் கூடையில் வைத்தால் தானே பழுக்கும். செடியில் முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கிளி முந்திக்கொள்ளும்.

கீரை விதைத்ததும் மேலே லேசாக வைக்கோல் அல்லது தென்னங்கீற்று போடுங்கள். முளைத்ததும் எடுத்துவிடுங்கள். குருவியும் கோழியும் விதையைப் பொறுக்காது.

பளபளப்பான காகிதம், பழைய சிடி, பொம்மை எல்லாம் கட்டலாம். ஆனால் நாலு நாளில் பறவை பழகிவிடும். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். வலை போட்டால் கம்பு நட்டு இறுக்கமாகக் கட்டுங்கள். தொங்கலாக விட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். பாகல், பூசணி, பீர்க்குக் கொடி முழுவதையும் மூடாதீர்கள். தேனீ வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். கோடையில் சில பறவைகள் தாகத்துக்காகவும் பழத்தைக் கொத்தும். ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

மயில் தொல்லை பல ஊர்களில் இருக்கிறது. பழைய சேலையைச் சுற்றிக் கட்டி மறைக்கலாம். விஷம் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலியில் கரண்ட் கம்பி கட்டுவதும் சட்டவிரோதம். அதில் மனுஷ உயிரும் போகும்.

ஆடும் கோழியும்

இதுதான் ஊரில் பெரிய சண்டைக்கு வித்து. ஒரே குழுவில் இருக்கிற இரண்டு பேர் ஆடு மேய்ந்ததுக்காகப் பேசாமல் போனால், அடுத்த கூட்டத்தில் சேமிப்பும் தடுமாறும். செடி வைக்கிறவர் நடுவதற்கு முன்பே முள்ளோ, கிளுவைப் போத்தோ நட்டு வேலி போடட்டும். ஆடு வளர்க்கிறவர் கட்டி மேய்க்கட்டும். இதைக் குழுவில் பேசித் தீர்மானமாகவே எழுதி வையுங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

கையால் எடுத்தும் அடங்காவிட்டால் இது. 2 லிட்டர் தயாரிக்கும் முறை:

1. தோல் நீக்கிய வேப்பம்பருப்பு 100 கிராம் எடுத்து இடித்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்தது, ரொம்பப் பழசானது வேண்டாம்.
2. துணியில் கட்டி 2 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள்.
3. பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சோப்பு இல்லையென்றால் இலையில் ஒட்டாது.
4. அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். பறிக்க வேண்டிய காயைத் தெளிப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள்.
5. 7 முதல் 10 நாள் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடி தெளிக்கலாம்.

பூச்சி உடனே சுருண்டு விழாது. சாப்பிடுவதைக் குறைத்து மெல்லத்தான் சாகும். அதனால் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

விஷம் ஏன் வேண்டாம் என்கிறோம்?

2013 ஜூலையில் பீகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது. வயலுக்கு வாங்கின மருந்து மீதி இருக்கிறதே என்று கொல்லைக் கத்தரிக்கு அடிக்கிறோம், அந்த டப்பாவைக் கழுவிப் புழங்குகிறோம். மறுநாளே பிள்ளை அந்தக் காயைப் பறித்துத் தின்னும். எலிக்கு வைக்கிற மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு முறிவு மருந்தே கிடையாது. எலிக்குப் பொறி வையுங்கள். மருந்து டப்பா எதையும் வீட்டில் புழங்காதீர்கள்.

கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

* நம்ம தோட்டத்தில் இந்த வாரம் என்ன அடையாளம் பார்த்தோம்? தின்றது யார்?
* பொறிவண்டையும் கத்தரி வண்டையும் எத்தனை பேர் பிரித்துச் சொல்ல முடியும்? ஆளுக்கு ஒரு இலை கொண்டுவந்து பாருங்கள்.
* வேப்பம்பழம் விழும் காலத்தில் குழுவாகக் கொட்டை பொறுக்கி, நிழலில் உலர்த்தி வைக்க யார் பொறுப்பு?
* ஆடு, கோழி பற்றி நம்ம குழுவின் தீர்மானம் என்ன?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் பலன் தந்த வேறு வழி இருந்தால் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.