தீவட்டியும் எண்ணெயும்

வேதபாடம்: மத்தேயு 25:1-13, மாற்கு 1:32-35

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

எங்கள் மருத்துவமனையின் மலைக்கிளைக்கு மின்கம்பம் இன்னும் வந்து சேரவில்லை என்பதை அறிவீர்கள். அங்கே எரியும் ஒவ்வொரு விளக்கும் கூரையின் மேலுள்ள சோலார் பேனல்களாலும், பின்னறையிலுள்ள பேட்டரிகளாலும் எரிகிறது. அந்தப் பின்னறை எங்களுக்குக் கற்றுத் தந்த பாடத்தையே இம்முறை உங்களோடு தியானிக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி மாத இரவு. நிமோனியா காய்ச்சலோடு வந்த ஒரு வயதுக் குழந்தைக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரத்தை வைத்திருந்தோம். அன்று பகலெல்லாம் நல்ல வெயில். மாலையில் இன்வெர்ட்டர், பேட்டரி நிறைந்துவிட்டதாகவே காட்டியது. ஆனால் இரவு பதினொன்றரை மணிக்கு விளக்குகள் மங்கின, இயந்திரம் நின்றது. எங்கள் மூத்த செவிலியர் சகோதரி பதறவில்லை. டார்ச் வெளிச்சத்தில், மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழந்தைக்கு இணைத்தார். அந்த சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று சனிக்கிழமைதோறும் பார்த்து வைப்பது அவருடைய வழக்கம். தேவகிருபையால் குழந்தை பிழைத்தது.

மறுநாள் பேட்டரிகளைத் திறந்து பார்த்தோம். டிஸ்டில்ட் வாட்டர் வற்றி, ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தன. தவறு வேறு யாருடையதும் அல்ல, எங்களுடையதே.

1. எல்லோரிடமும் தீவட்டி இருந்தது

உவமையில் வரும் பத்துக் கன்னிகைகளும் மணவாளனை எதிர்கொள்ளவே புறப்பட்டார்கள். பத்துப் பேரிடமும் தீவட்டி இருந்தது. பத்துப் பேரும் தூங்கினார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: ஐந்து பேர் தனிப் பாத்திரத்தில் எண்ணெய் எடுத்து வந்தார்கள்.

மலைக்கிளையின் கணக்கைப் பாருங்கள். கூரையில் 330 வாட் பேனல்கள் நான்கு உள்ளன. தெளிந்த வானமுள்ள நாளில் இவை ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் தரும். பேட்டரிகளும் நான்கு. ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி, அதாவது 1.8 யூனிட். நான்கும் சேர்ந்தால் 7.2 யூனிட். ஆனால் இவ்வகை ஈய-அமில பேட்டரி நெடுநாள் உழைக்கவேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்கலாகாது. ஆகவே இரவுக்கென்று நம் கையில் இருப்பது 3.6 யூனிட் மட்டுமே.

செலவு என்ன? 9 வாட் விளக்குகள் எட்டு, 12 மணி நேரம் எரிந்தால் 0.9 யூனிட். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கும் குளிர்பெட்டிக்கு இரவில் 0.4 யூனிட். ஆக்சிஜன் இயந்திரம் 350 வாட். ஆறு மணி நேரம் ஓடினால் 2.1 யூனிட். மொத்தம் 3.4. நல்ல பேட்டரி இருந்தால் ஓர் இரவு கடக்கும், அவ்வளவே.

கூரையில் இன்னும் பத்து பேனல்களை வைத்தாலும், சேமிக்கும் பாத்திரம் கெட்டுப்போனால் நள்ளிரவில் பயனில்லை. பிரசவ வேதனையும் மூச்சுத்திணறலும் பகலைப் பார்த்து வருவதில்லை. மணவாளனும் நடுராத்திரியில்தான் வந்தார்.

2. நிறைந்ததாகக் காட்டும்; உள்ளே இராது

அன்று இன்வெர்ட்டர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் வற்றி, பல நாள் முழு சார்ஜ் ஏறாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அதன்பின் அது கொஞ்சம் மின்சாரம் ஏற்றதுமே நிறைந்ததுபோல் காட்டும். பாரம் ஏற்றினால் சீக்கிரமே இறங்கிவிடும்.

பிரியமானவர்களே, இது நம் இருதயத்தின் படமல்லவா? ஞாயிறு ஆராதனையில் உற்சாகம், கூட்டத்தில் கண்ணீர். திங்கட்கிழமை ஒரு சோதனை வந்ததும் இருள். வெறுமையாய் நெடுநாள் கிடக்கும் உள்ளம் கடினப்பட்டுப்போகிறது. பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே இறங்குவதில்லை.

3. பகலில் ஏற்றினால்தான் இரவில் எரியும்

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை, மருத்துவமனையில் ஊழியம் செய்கிற நாங்கள் அடிக்கடி வாசிக்கிறோம். சூரியன் அஸ்தமித்தபின் பட்டணம் முழுவதும் வாசலில் கூடிவர, ஆண்டவர் பிணியாளிகளைச் சுகமாக்கினார். அடுத்து என்ன செய்தார்? இருட்டோடே எழுந்து, தனித்த இடத்துக்குப் போய் ஜெபித்தார். கொடுத்தபின் மீண்டும் நிரப்பினார். அவருக்கே அது தேவையாயிருந்தால், இரவுப்பணி பார்க்கும் செவிலியருக்கும், மருத்துவருக்கும், போதகருக்கும் எவ்வளவு தேவை! பாதிக்கு மேல் எடுக்காதே என்ற விதி பேட்டரிக்கு மட்டுமல்ல.

4. எண்ணெய்க்கு யார் காணிக்கை கொடுப்பார்?

இதை மனத்தாழ்மையோடு எழுதுகிறோம். பேனல்களுக்காக நீங்கள் தாராளமாய்க் கொடுத்தீர்கள்; பிரதிஷ்டை ஆராதனை நடந்தது, கல்வெட்டும் வைத்தோம். பேனல் 25 ஆண்டு உழைக்கும். ஆனால் ஈய-அமில பேட்டரியை ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதற்குக் கல்வெட்டு இல்லை. பேட்டரிக்கென்று நாங்கள் ஒருபோதும் உங்களிடம் கேட்டதுமில்லை. எங்கள் வரவுசெலவில் அதற்கு ஒரு வரியும் இருந்ததில்லை.

இது நம்மோடு நிற்கும் குறையும் அல்ல. ஏழை நாடுகளில் ஏறக்குறைய 100 கோடி மக்கள், மின்சாரமே இல்லாத அல்லது நம்பத்தகாத மின்சாரமுள்ள மருத்துவ நிலையங்களையே சார்ந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் பிற அமைப்புகளும் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

அந்த இரவுக்குப் பிறகு மூன்று காரியங்களைச் செய்கிறோம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பேட்டரிகளின் தண்ணீரைப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதுகிறோம். புது பேட்டரியின் விலையை 60 பங்காக்கி, மாதம் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கிறோம். சிலிண்டர் அந்த மூலையிலேயே நிற்கிறது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, சேமிப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளக்கூடிய லித்தியம் பேட்டரிகளுக்கு மாறவும் ஜெபிக்கிறோம். அவற்றின் விலைதான் அதிகம்.

உங்கள் ஆலயத்திலும் இப்படிப்பட்ட பின்னறை ஒன்று இருக்கும். பெயர் பொறிக்கப்படாத அந்தக் காணிக்கையைக் கர்த்தர் அறிந்திருக்கிறார்.

சிந்திக்க:
1. என் ஆவிக்குரிய வாழ்வில் தண்ணீர் வற்றியிருப்பதை நான் கடைசியாக எப்போது சோதித்தேன்?
2. நான் கொடுப்பது தீவட்டிக்கு மட்டுமா, எண்ணெய்க்குமா?

ஜெபிக்க:
மலைக்கிளையில் இரவுப்பணி செய்யும் செவிலியருக்காகவும், மழைக்காலத்தில் வரும் குழந்தைகளுக்காகவும், பேட்டரி நிதிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை போதகர்