பல சுரப்பிகளைத் தாக்கும் பரம்பரை நோய்

நாளமில்லாச் சுரப்பிகள் பலவற்றைச் சீர்குலைக்கும் அரிய பரம்பரை நோயொன்று உண்டு. முதல்வகைப் பல்சுரப்பித் தன்னெதிர்ப்பு நோய் என்பது அதன் பெயர். பின்லாந்தில் ஏறத்தாழ 25,000 பேருக்கு ஒருவரிடமும், சார்டினியாத் தீவில் ஏறத்தாழ 14,000 பேருக்கு ஒருவரிடமும் இது காணப்படுகிறது.

21-ஆம் குரோமோசோமிலுள்ள 'ஏர்' என்னும் மரபணுவின் பழுதே இதற்குக் காரணம் என்பது 1997-இல் கண்டறியப்பட்டது. மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமஸ் சுரப்பியில், சொந்த உடலையே தாக்கக்கூடிய வெள்ளணுக்களைக் களைந்தெறிய இம்மரபணு உதவுகிறது. இது பழுதுற்றால் அவ்வணுக்கள் வெளியேறிச் சுரப்பிகளை அழிக்கின்றன. பெற்றோர் இருவரும் நோயற்றவராயினும், பழுதான மரபணுவை ஒவ்வொன்றாகத் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

பெரும்பாலும் இளமையில் வாயில் தீராத வெண்படலம் முதலில் தோன்றும். இது ஒருவகைக் காளானால் விளைவது. பின்னர் பாராதைராய்டு குன்றி, இரத்தத்தில் கால்சியம் குறைந்து, கைகால்களில் இசிவு உண்டாகும். அட்ரீனலும் குன்றினால் சோர்வு, மெலிவு, உப்பின்மேல் வேட்கை, தோல் கருமை ஆகியன காணப்படும்.

இத்தகைய இசிவைக் காக்காய் வலிப்பு எனக் கருதி விட்டுவிடலாகாது. இரத்தத்திலுள்ள கால்சியத்தை அளந்தறிதல் வேண்டும். நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. ஆயினும் கால்சியமும், செயலூக்கம் பெற்ற வைட்டமின் டி-யும், ஹைட்ரோகார்ட்டிசோனும் சுரப்பிகளின் குறையை ஈடு செய்யும். அட்ரீனல் குன்றிய குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஹைட்ரோகார்ட்டிசோனின் அளவை மருத்துவர் கூறியபடி கூட்டுதல் வேண்டும். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். வாந்தியால் மருந்து தங்காவிடின், ஊசி மருந்துக்காக உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். இதனை வகுப்பாசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.