மண்ணுக்குள் இருக்கும் காபனை விற்கலாமா?

அரிசி வியாபாரி மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுத்துப் பார்ப்பார். துணி வியாபாரி நூலை இழுத்துப் பார்ப்பார். வாங்குகிறவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத, விற்கிறவரின் நிலத்தை விட்டு ஓரங்குலமும் நகராத ஒரு சரக்கை என்ன விலைக்கு, எந்த நம்பிக்கையில் விற்பது? ஐக்கிய அமெரிக்காவின் சோளம், சோயா விவசாயிகள் 2003ஆம் ஆண்டுக்குப் பின் சில காலம் இப்படியொரு சரக்கை விற்றார்கள். அதன் பெயர் மண் காபன். அந்தச் சந்தை எப்படி எழுந்து எப்படிப் படுத்தது என்பதை இவ்வாரம் பார்ப்போம். நமது வாசகர்களில் பெரும்பாலோர் விவசாயிகள் அல்லர் என்பது தெரியும். ஆயினும் இதில் உள்ள கணக்கு வியாபாரிகளுக்கு உரியது.

முதலில் சரக்கு என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். பயிர்கள் ஒளித்தொகுப்பின் போது காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. வேரும் வைக்கோலும் மக்கும்போது அதில் ஒரு பகுதி சேதனப் பொருளாக மண்ணில் தங்குகிறது. நிலத்தை ஆழ உழுதால் மண் காற்றுப்பட்டு, நுண்ணுயிர்கள் அந்தச் சேதனப் பொருளைத் தின்று காபனை மீண்டும் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகவே உழாமல், பழைய பயிரின் தாள்களுக்கு நடுவிலேயே இயந்திரத்தால் விதைத்தால் காபன் மண்ணில் சேரும் என்பது வாதம். மண்ணில் ஒரு தொன் காபன் சேர்ந்தால் காற்றிலிருந்து ஏறக்குறைய 3.67 தொன் காபனீரொட்சைட்டு குறைந்ததாகக் கணக்கு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் ரத்தன் லால் இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர். 2020இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

உழாமல் விதைப்பது காபனுக்காகத் தொடங்கிய பழக்கம் அல்ல. 1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதியில் உழுது காய்ந்த நிலத்தின் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்து பண்ணைகள் பாழாகின. அதன் பிறகு மண்ணைக் காக்கவும், பிற்காலத்தில் டீசல் செலவைக் குறைக்கவும் பலர் உழவைக் கைவிட்டனர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2003ஆம் ஆண்டு சிக்காகோ காலநிலைப் பரிவர்த்தனை நிலையம் வியாபாரத்தைத் தொடங்கியது. நிறுவியவர் ரிச்சர்ட் சாண்டர் என்ற பொருளியலாளர். சிக்காகோவின் எதிர்காலப் பேரச் சந்தையில் பல காலம் பழகியவர். போர்ட், டியுபொன்ட், மோட்டரோலா போன்ற பெரிய கம்பனிகள் தாமாக முன்வந்து அங்கத்தவராகி, தங்கள் புகையை ஆண்டுக்காண்டு குறைப்பதாக ஒப்பந்தம் செய்தன. குறைக்க இயலாதவர் குறைத்தவரிடம் கிரெடிட் வாங்கலாம், விவசாயியிடமும் வாங்கலாம். சேர்வது விருப்பம், சேர்ந்தபின் கடமை. சட்டம் யாரையும் சேரச் சொல்லவில்லை. இந்த ஒரு விடயத்தில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

தனி விவசாயி நேரடியாகச் சந்தைக்குப் போக முடியாது. அவரிடம் உள்ள தொன்கள் மிகக் கொஞ்சம். எனவே அயோவா மாநில பார்ம் பியூரோ, வடக்கு டகோட்டா விவசாயிகள் யூனியன் போன்ற சங்கங்கள் ஆயிரக்கணக்கானோரின் ஏக்கர்களை ஒன்றுதிரட்டி விற்றன. உழாத நிலத்துக்குப் பிரதேசத்தைப் பொறுத்து ஏக்கருக்கு ஆண்டுக்கு 0.2 முதல் 0.6 தொன் என்று நிலையம் வீதம் நிர்ணயித்திருந்தது. ஒவ்வொரு வயலின் மண்ணையும் தோண்டி அளக்கவில்லை. உழவில்லை என்பதை மட்டும் ஆள் அனுப்பிச் சரிபார்த்தார்கள். பின்னர் எவராவது உழுதுவிட்டால் ஈடுசெய்ய 20 வீதத்தைச் சேமிப்பில் ஒதுக்கினார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 500 ஏக்கர், வீதம் 0.6 என்றால் 300 தொன். 20 வீதம் ஒதுக்கினால் விற்க 240 தொன். 2008இன் நடுப்பகுதியில் விலை தொன்னுக்கு ஏழு டொலரைத் தாண்டியது. ஏழு என்றே வைத்தால் 1,680 டொலர். திரட்டியவரின் கழிவு 10 வீதம் என்று கொண்டால் கையில் 1,512 டொலர், ஏக்கருக்கு மூன்று டொலர் சொச்சம். சந்தை உச்சத்தில் இருந்தபோதே இவ்வளவுதான்! 2010இல் விலை தொன்னுக்குப் பத்துச் சதத்துக்கும் கீழே போனது. பத்துச் சதமே கிடைத்தது என்று வைத்தாலும் அதே நிலத்துக்கு 21 டொலர் 60 சதம். வயலைச் சுற்றிப் பார்க்க ஓடும் வாகனத்தின் எண்ணெய்க்கே அது காணாது.

ஏன் விழுந்தது? மண் கெட்டுப்போகவில்லை, விவசாயி வாக்குத் தவறவுமில்லை. வாங்குவதற்கு ஆள் இல்லாமல் போனது. கம்பனிகள் பல நாளை சட்டம் வரும், அன்று விலை கூடும் என்ற எதிர்பார்ப்பில் நின்றவை. 2009 ஜூன் 26ஆம் திகதி வக்ஸ்மன், மார்க்கி ஆகியோரின் காலநிலைச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற நூலிழையில் நிறைவேறியது. 2010இல் செனட் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்காமல் கைவிட்டது. அந்த ஆண்டு முடிவோடு நிலையத்தின் வியாபாரமும் நின்றது.

அந்தச் சட்டமூலம் விவசாயிகளை இரண்டாகப் பிரித்தது. தேசிய விவசாயிகள் யூனியன் ஆதரித்தது. அமெரிக்க பார்ம் பியூரோ கடுமையாக எதிர்த்தது. அயோவாவில் காபன் விற்ற சங்கத்தின் தாய்ச் சங்கமே எதிர்த்தது என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. விவசாயத்துக்கு நேரடி வரம்பு விதிக்கப்படாவிட்டாலும், எரிபொருள் விலை கூடினால் டீசலும் கூடும், இயற்கை வாயுவிலிருந்து செய்யும் நைதரசன் பசளையும் கூடும். காபனில் வரும் டொலர் எத்தனை, பசளையில் போகும் டொலர் எத்தனை என்று அவர்கள் கேட்டார்கள். ஆதரித்தவர்களோ, வரட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்தால் பசளைக் கணக்குப் பார்ப்பதற்குப் பயிரே இராது என்றார்கள். காலநிலை மாற்றத்தையே நம்பாதவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களிலும் சிலர் காபன் காசை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது மனித சுபாவம்!

இதைவிடக் கசப்பான தர்க்கம் ஒன்று இருந்தது. இருபது ஆண்டுக்கு முன்பே உழவை விட்டவருக்கு என்ன கிடைக்கும்? சிக்காகோ நிலையம் அவருக்கும் கொடுத்தது. உடனே விமர்சகர்கள், எப்படியும் செய்திருக்கக்கூடிய வேலைக்குக் காசு கொடுத்தால் காற்றில் ஒரு தொன்னும் குறையவில்லையே என்றார்கள். கணக்கின்படி அவர்கள் சொன்னது சரி. ஆனால் புதிதாகச் செய்பவருக்கு மட்டும் என்று விதித்தால், நேற்று வரை உழுது மண்ணைக் கெடுத்தவர் காசு வாங்க, மண்ணைக் காத்தவர் வேலியில் நின்று பார்க்க வேண்டும். காசுக்காக ஒருமுறை உழுதுவிட்டு மறுபடி தொடங்கலாமா என்று யோசிப்பவனை யார் தடுப்பது? எனக்கு இதற்கு நல்ல விடை தெரியவில்லை. விற்பது பழைய சேவைக்கான சன்மானமா, புதிய சரக்கா என்பதை முதலிலேயே தீர்மானிக்காத எந்தச் சந்தையிலும் இந்தச் சண்டை வரும்.

அளவையிலும் சந்தேகம் எழுந்தது. 2007இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் உட்பட்ட குழு ஒன்று, உழாத நிலத்தில் காபன் கூடியதாகக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் மேல் 30 சென்ரிமீற்றர் மண்ணை மட்டுமே அளந்தவை என்று சுட்டிக்காட்டியது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் பல இடங்களில் வித்தியாசம் காணப்படவில்லை. உழாத நிலத்தில் காபன் மேலே நிற்கிறது, உழுத நிலத்தில் கீழே போகிறது, அவ்வளவுதானோ என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. மண் அரிப்புக் குறைவதில் சந்தேகமில்லை. ஆனால் விற்ற சரக்கு அரிப்பு அல்லவே.

அமெரிக்காவில் 2019 முதல் இன்டிகோ போன்ற தனியார் கம்பனிகள் தொன்னுக்கு 15 டொலரும் அதற்கு மேலும் கொடுப்பதாகச் சொல்லி விவசாயிகளை மீண்டும் அணுகின. அங்கும் வாங்குவோர் பெரும்பாலும் தாமாக முன்வருவோரே. அவுஸ்திரேலியாவின் வழி வேறு. அங்கு 2023 ஜூலை முதல் ஆண்டுக்கு ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் புகைவிடும் தொழிலகங்கள் தங்கள் வரம்பை ஆண்டுக்கு 4.9 வீதம் குறைக்க வேண்டும். முடியாவிட்டால் கிரெடிட் வாங்கியே தீரவேண்டும். வாங்குகிறவருக்குக் கட்டாயம் இருப்பதால் விலையும் நின்றது, 2023இலும் 2024இலும் தொன்னுக்கு ஏறக்குறைய 30 அவுஸ்திரேலிய டொலரும் அதற்கு மேலும் போனது.

ஆனால் விற்கிறவருக்கும் அங்கு கட்டாயம் உண்டு. மண்ணைத் துளையிட்டு ஆய்வுகூடத்தில் அளந்து காட்ட வேண்டும், அந்தச் செலவு சிறிய பண்ணைக்குப் பாரம். சேர்த்த காபனை 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு காக்க வேண்டும். 25ஐத் தெரிந்தால் கிரெடிட்டில் 20 வீதம் கழிக்கப்படும். நீண்ட வரட்சி வந்து மண் காபன் குறைந்தால் அடுத்த அளவையில் கிரெடிட் கிடைக்காது. நிலத்தை அடகு பிடித்த வங்கியின் எழுத்து மூலச் சம்மதமும் தேவை.

அயோவாவில் விவசாய நிலத்தின் பாதிக்கு மேல் குத்தகை நிலம். குத்தகைக்காரர் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவர், நில உரிமையாளர் நகரத்தில் இருப்பார், அடுத்த தலைமுறை நிலத்தை விற்றுவிடவும் கூடும். நீண்ட காலப் பத்திரத்தில் இவர்களில் யார் கையெழுத்திடுவது என்று இன்றும் அங்குள்ள குடும்பங்கள் சட்டத்தரணிகளைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.